தங்கத் தாளுக்கு அடியில்
தாய்லாந்தின் சியாங்மாய் மலைக்கோயில் வாசலில் இருப்பவர்கள் புத்த பிக்கு, என் தம்பி பிரயூன், அவன் மனைவி வன்னா, பிறகு நான். மழை விட்ட வெயிலில் தம்பி வாங்கிய சிவப்புக் கார் மினுங்குகிறது. குடும்பத்தின் முதல் கார் என்னுடையது என்பதை இனி யார் நினைப்பார்கள்? காரின் உட்கூரையில் பிக்கு வெள்ளை மாவால் மந்திரக் கட்டம் வரைந்து முடிக்கிறார். அவர் தந்த தங்கத் தாளை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற மஞ்சள் எச்சரிக்கை விளக்கின்மேல் தம்பி பக்தியோடு ஒட்டுகிறான். "ஏபிஎஸ் விளக்குடா அது, பிரேக்குல கோளாறுன்னு சொல்லுது. ஈரத்துல அழுத்திப் பிடிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும்" என்கிறேன். "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது அண்ணே. எரியுறது விளக்கா, உங்க வயிறா?" என்கிறான் தம்பி. வன்னா சிரித்தபடி முன்னிருக்கையில் ஏறுகிறாள். கீழே சாலை நனைந்து, வளைந்து வளைந்து இறங்குகிறது. நான் கையை நீட்டிச் சாவியை உருவிக்கொள்கிறேன். பொறாமையில் பிடுங்கிவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். பொறாமை இருந்தது. சாவியை எடுத்தது பிரேக்குக்காக.