எரியாத விளக்கு

இப்போதெல்லாம் துக்க வீட்டு வாசலிலேயே கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். செத்தவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டதும், நிஜமாக மனம் உருகியவர் பட்டையில் மட்டும் விளக்கு எரியும். கண்ணைக் கசக்கி ஏமாற்ற முடியாதாம்!

ருக்மணியம்மாளின் பாட்டுக்கு, நான்கு வருடமாக எட்டிப்பார்க்காத மகள் சுகந்தியின் கை ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. கூடவே இருந்த மருமகள் பொற்கொடியின் கையில் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. பிணத்தைப் பார்க்க வந்தவர்களெல்லாம் அவள் மணிக்கட்டையே பார்த்தார்கள்.

"என்ன இருந்தாலும் பெத்த பொண்ணு இல்லையா?" என்று மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள் எதிர்வீட்டு மரகதம்.

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் சுகந்தியின் பக்கம் திரும்பினாள்.

"அத்தை இந்தப் பாட்டக் கேக்கறப்பல்லாம் நான் குழாயடியில அவங்க மூத்திரத் துணிய அலசிட்டிருப்பேன். ஒரு நாளும் முழுசாக் காதுல விழுந்ததில்ல. அந்தத் துணி அலசுற சத்தத்தப் போடச் சொல்லுங்க, அண்ணி! யார் கையில எரியுதுன்னு பாப்போம்."