ரைஸ் மில் வாசலில் ஒரு துஆ

மர்ஜானாவின் கணவன் இறந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடியும் முன்பே அவனுடைய ரைஸ் மில்லைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டவர் அவனுடைய அண்ணன் சதக்கத்துல்லா. ரமலான் தோறும் அந்த மில் வாசலிலேயே ஏழைகளுக்கு அரிசி கொடுப்பார். இந்த வருஷம் வரிசையில் மர்ஜானாவும் வந்து நின்றாள். ஊரே பார்த்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

“வாம்மா. வாங்கிட்டு எனக்கு ஒரு துஆ செய்” என்று பையை நீட்டினார்.

அவள் பையைத் தொடவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

“யா அல்லாஹ், தப்பான வழியில வந்த ஹராமான சோறு என் புள்ளைங்க தொண்டையில இறங்க வேணாம். உன் ஹலாலைக் கொண்டே எங்களுக்குப் போதுமாக்கு. உன்னைத் தவிர எவன் வாசல்லயும் எங்களை நிக்க வைக்காதே.”

“ஆமீன்” என்றது வரிசை. முன்னால் நின்ற ஒருத்தி, வாங்கிய பையை மெல்லக் கீழே வைத்தாள்.

மர்ஜானா ஏந்திய கையை இறக்கவில்லை. இத்தனை வருஷமும் இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான், நீங்க மட்டும் ஆமீன் சொல்லலியே?”

சதக்கத்துல்லா பையைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நோன்பு திறக்க இன்னும் நேரம் கெடக்கு மச்சான்” என்றாள். “நான் நிக்கிறேன்.”