குறும்பாட்டுக் கொழுப்பு

வேலந்தாவளம் சந்தையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டைவண்டி நிழலில் நிற்கும் மயிலாத்தாளின் ஐந்து குறும்பாடுகளில் ஒன்றின் முதுகைக் கசாப்புக்காரர் மீரா ராவுத்தர் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். கம்பளி மயிருக்கு அடியில் எலும்பு வரிசையாகத் தட்டுப்படுகிறது. “ஏனம்மா, பட்டினி போட்டா வளத்துனே? அந்த மேச்சேரி ஆட்டைத் தொட்டுப் பாரு, முதுகெல்லாம் கொழுப்பு!” சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இந்தக் கோடை முழுக்க ஒருவேளைக் கஞ்சியோடு கிடந்து, ஆடுகளுக்குக் கொழுக்கட்டைப் புல் தேடி வடகரப்பதி வரைக்கும் நடந்தவளுக்கு அந்தச் சிரிப்பு சுடுகிறது. “சாதி வேறைங்க, ராவுத்தரே. குறும்பாடு முதுகுல வெக்காது, உள்ள வெக்கும். இங்கயே அறுங்க. குண்டிக்காயைக் கொழுப்பு மூடலீன்னா ஆட்டைச் சும்மா கொண்டு போங்க.” சிரிப்பு நிற்கிறது. கத்தி இறங்கும்போதும் அவள் முகத்தைத் திருப்பவில்லை. உரித்த உடம்பில் கறி மெலிந்து சிவந்து தெரிகிறது. யாரோ தொண்டையைக் கனைக்கிறார். ராவுத்தர் வயிற்றைக் கீறிக் குடலை ஒதுக்குகிறார். சிறுநீரகங்கள் இரண்டும் கண்ணுக்கே தெரியாமல் வெள்ளைக் கொழுப்பில் புதைந்து கிடக்கின்றன. வெயில் பட்டு அது மினுங்குகிறது. “மீதி நாலையும் நானே புடிச்சுக்கறேன்” என்று தணிந்த குரலில் சொல்லிக் கை நீட்டுகிறார். மயிலாத்தாள் கயிறுகளை இறுக்கிப் பிடிக்கிறாள். “பட்டினி போட்டேன்னு சந்தைக்கே கேக்கற மாதிரி சொன்னீங்க. போடலீன்னும் அதே சத்தமாச் சொல்லுங்க. அப்பறம் கவுத்துல கை வைங்க.” ராவுத்தர் ரத்தக் கையோடு கூட்டத்தைப் பார்க்கிறார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.