மூன்றாவது கார்டு

லவுஞ்ச் மேசையில் கார்டை வாங்கித் தேய்த்த பெண் மறுபடியும் தேய்த்தாள்.

மெஷினில் ஏதோ சிவப்பாக வந்தது.

"சாரிங்க மேடம். இந்தக் கார்டுக்கு உண்டான ஃப்ரீ என்ட்ரி எல்லாம் முடிஞ்சிருச்சு."

கார்டைக் கொடுத்தவள் சிரித்துவிட்டாள். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குள் அவள் கால் வைப்பதே இன்றுதான். கார்டு ஒரு வருடமாக அவள் பையில், வந்த உறையிலேயே கிடந்தது.

"நான் இப்பத்தான் கண்ணு இத வெளியவே எடுக்கறேன்."

"உங்களோடது மட்டும் இல்லைங்க மேடம். சாரோட மெயின் கார்டு, அதுல குடும்பத்துக்குன்னு வாங்கின ஆட்-ஆன் கார்டு, எல்லாத்துக்கும் சேத்துத்தான் கணக்கு."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சற்றுத் தள்ளி நின்று விமானங்களின் நேரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஏற வேண்டிய டெல்லி விமானம் சரியான நேரத்தில் கிளம்புவதாக அது எப்போதோ சொல்லிவிட்டது.

லவுஞ்ச் என்கிற அந்த ஓய்வறைக்குப் போக வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். வெளியே காபி குடித்துக்கொள்ளலாம் என்றார். அவள்தான் விடவில்லை.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவர். போன வருடம் திடீரென்று பெரிய கார்டாக மாற்றிக்கொண்டு வந்தார். சில்வர் என்றால் கடையில் தேய்க்க மட்டும், கோல்டு என்றால் பெட்ரோலுக்குக் கொஞ்சம் தள்ளுபடி, இது அதற்கெல்லாம் மேலே, ஏர்போர்ட்டில் சோபாவும் சாப்பாடும் சும்மா என்று விளக்கினார்.

"நாம எங்கீங்க ப்ளேன்ல போறோம்?"

அன்று அவர் அவளுக்கு உண்டான கார்டை உறையோடு நீட்டினார். வயதான காலத்து ஆசை என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அவள் அவர் பக்கத்தில் வந்தாள்.

"யாரோ திருடிட்டாங்க. பேங்குக்குப் போன் பண்ணுங்க."

"விடு. அப்பறம் பாத்துக்கலாம்."

"எதுக்குங்க விடறது? இன்னிக்கு சோபால உக்காந்தவன் நாளைக்கு மொத்தமா எடுத்துட்டுப் போயிருவான்."

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். கார்டைத் திருப்பி, பின்னால் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்ததில்லை.

"திருட்டு இல்ல. தரணிதான்."

காதில் விழுந்தது. புரியவில்லை.

மகனின் பெயர். ஆறு வருடமாக வீட்டில் யாரும் சொல்லாத பெயர் அது. சொல்லக்கூடாது என்று வைத்தவள் அவள். மகன் ராய்ப்பூரில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்த அன்று, பங்காளிகள் எல்லோரும் கூடத்தில் இருக்க, அவனைத் தலைமுழுகிவிட்டதாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. கொல்லையில் போய் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத் துணியோடு வந்து நின்றாள்.

அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும்தான்.

"மேடம், கொஞ்சம் ஓரமா நின்னுக்குங்க."

 அவர்தான் அவளை ஓரமாக நகர்த்திக்கொண்டு போனார்.

தரையைப் பார்த்துப் பேசினார்.

"அவனுக்கு ஒரு பொண்ணு இருக்குது. நாலு வயசு. கண்ணுக்குள்ள கட்டி. மெட்ராஸ் ஆஸ்பத்திரிலதான் பாக்கறாங்க. ராய்ப்பூர்ல இருந்து வந்து வந்து போகோணும்."

அவள் போனை அவர் சட்டைப் பையில் திரும்பப் போட்டாள்.

"மருந்து ஏத்துன அன்னிக்கு அவளால உக்கார முடியாது. ஏர்போர்ட்ல படுக்க வெக்க எடமில்ல. கோல்டு கார்டுக்கு உள்ள விடமாட்டாங்கன்னாங்க. அதான் இத வாங்கி, உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு."

"உங்களுக்கு எப்படித் தெரியும், உக்கார முடியாதுன்னு?"

"பாத்திருக்கேன்."

"எப்ப?"

"பென்ஷன் வேலைன்னு மெட்ராஸ் போவேனே."

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரும்பு நாற்காலிகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி. அவள் அந்தக் கைப்பிடியை அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

ஒவ்வொரு முறையும் விடிகாலையில் எழுந்து அவருக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தவள் அவள்.

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று, இந்த இடத்திலேயே.

மகன் என்றாவது எதிரில் வந்து நின்றால் சொல்வதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருந்தாள். இத்தனை வருடமும் அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது தேடினாள். அது வரவில்லை.

"இப்பப் பார்வை இருக்குதுங்களா?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ண எடுத்துட்டாங்க. இன்னொண்ணு தெரியுது. அதக் காப்பாத்தத்தான் பாக்கறாங்க."

ஒலிபெருக்கி டெல்லிப் பயணிகளை அழைத்தது. மறுபடி அழைத்தது. அவர் பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

அவள் எழுந்தாள். விமானம் ஏறும் வாசலுக்குப் போகாமல், நேராக லவுஞ்ச் மேசைக்குப் போனாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு, உள்ள சின்னப் புள்ளைங்க சாப்பிடற மாதிரி என்ன குடுப்பாங்க?"

"இட்லி இருக்கும்ங்க, பால் இருக்கும். கூட யாராச்சும் குழந்தை இருக்காங்களா மேடம்?"

அவள் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். 

திரும்பினாள். பெட்டியோடு நின்றிருந்தவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவ பேரு என்னங்க?"