மாதாஜியின் குரல்

மாதாஜி இறந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் அவர் தம் ஆசிரமத்தில் அடைத்து வேலை வாங்கிய பெண்களிடம், அவர் குரலையே மன்னிப்புக் கேட்க வைப்பதென்று அரசு முடிவு செய்திருந்தது. அதிகாரி, அந்தக் குரலில் பேசும் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தமயந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

“வேண்டாம் சார். அம்மாவுக்கு அந்தக் குரல் இன்னும் கனவுல வருது,” என்றாள் தமயந்தியின் மகள் ஓவியா.

“மன்னிப்புக் கேக்கத்தானேம்மா வர்றாங்க? உங்கம்மா பதில் சொல்லிட்டா ஃபைலை முடிச்சிடலாம்.”

தமயந்தி நாற்காலியை இறுகப் பற்றியிருந்தாள். ‘மன்னிக்க மாட்டேன்’ என்று ஒரு வாரமாகத் தனக்குள் சொல்லிப் பழகியிருந்தாள்.

பெட்டி தொண்டையைச் செருமியது. அதே செருமல்.

“தமயந்தி.”

அவள் சட்டென்று தரையில் மண்டியிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாதாஜி பெயர் சொல்லி அழைத்தால் ஆசிரமத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். எது கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும்.

“உனக்கு நான் செய்த கொடுமைகளுக்காக வருந்துகிறேன். என்னை மன்னிப்பாயா?”

“தப்பு எம்மேலதான் மாதாஜி.”

ஓவியா பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினாள். அதற்குள் அதில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

“ஆட்சேபணை இல்லைன்னு பதிவாயிடுச்சு. இனிமே மாத்த முடியாதும்மா,” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு அதிகாரி கிளம்பினார்.

ஓவியா குனிந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். “எந்திரிம்மா. அவரு போயிட்டாரு.”

தமயந்தி வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மாதாஜி இன்னும் எந்திரிக்கச் சொல்லலையே.”