டயருக்கு என்ன வயசு?

"கடைக்கு வந்தது நேத்துன்னு சொல்றீங்க, சரி. செஞ்சது எப்போ?"

டயர் கடைக்காரர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கார் ஜாக்கியில் ஏறி நின்றது. நான்கு புது டயர்களையும் உருட்டி வந்து பக்கத்தில் வைத்தாயிற்று. இந்த நேரத்தில் கேட்டவர் வண்டிக்குச் சொந்தக்காரர்கூட இல்லை, கூட வந்தவர். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர்.

பதிலுக்குக் காத்திராமல் அவர் பேன்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு கிரீஸ் கறை படிந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கைபேசி வெளிச்சத்தை அடித்து டயரின் பக்கவாட்டில் தேடினார். ஒரு பக்கம் கிடைக்கவில்லை. புரட்டிப் போட்டு மறுபக்கம் தேடினார். சின்ன வளையத்துக்குள் நான்கு எண்கள். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

மூன்று டயர்கள் சமீபத்தில் செய்தவை. நான்காவது, மூன்று வருஷத்துக்கு முந்தையது.

கடைக்காரரின் முகம் சுருங்கியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் நிஜம். எந்தக் கிடங்கின் மூலையில் கிடந்து வந்ததோ. ஆனாலும் உடனே விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ரோட்டையே பார்க்காத டயர், ரப்பர் பளபளவென்றுதானே இருக்கிறது, வேண்டுமானால் அதை மட்டும் பின்பக்கம் போட்டுவிடலாம் என்று சமாதானம் சொன்னார்.

கண்ணாடிக்காரர் குரலை உயர்த்தவில்லை. "பின்னாடிதாங்க பொண்ணு உக்காருவா" என்றார்.

கடைக்காரர் கார்க்காரர் பக்கம் திரும்பினார். அவர் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, நிதானமான ஆள். வந்ததிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி உங்களுடையதுதானே, நீங்களாவது சொல்லுங்கள் என்று கடைக்காரர் முறையிட்டார்.

"வண்டிதான் என்னோடது. அவர் சொல்றபடியே செஞ்சிடுங்க."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கடைக்காரர் கிடங்குக்குப் போன் போட்டு வேறொரு டயர் அனுப்பச் சொன்னார். தேதியைப் பார்த்து அனுப்பும்படி இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். அது வரும்வரை எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். கடைக்காரருக்கும் கையில் வேலை இல்லை, காது மட்டும் சும்மா இருக்கவில்லை.

பெண்ணுக்கு மலை ஊரில் முதல் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை கார்க்காரரும் அவர் மனைவியும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரப் போகிறார்கள். பேச்சிலிருந்து இவ்வளவு புரிந்தது. கண்ணாடிக்காரர் போகவில்லை போலிருக்கிறது. ஆனால் அவர்தான் வழியெல்லாம் பார்த்து வைத்திருந்தார். எந்த இடத்தில் சாலை வேலை நடக்கிறது, எங்கே நிறுத்திச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். கார்க்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒருவரை ஒருவர் "நீங்க" என்றுதான் பேசிக்கொண்டார்கள். மரியாதை தெரிந்த குடும்பம், அண்ணன் தம்பிக்குள் எவ்வளவு பதவிசு என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அவர் வீட்டில் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே அறையில் உட்கார்ந்து வருஷக் கணக்காகிறது.

"மலை ஏறும்போது ஜன்னல் ஓரமா உக்கார வைங்க. வளைவு வந்தா அவளுக்கு வாந்தி வரும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு. பெரிய கிளாஸ் போனதும் நின்னுடுச்சு. இப்ப வண்டி கிளம்பினாலே வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கிடுவா."

கண்ணாடிக்காரர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "அப்படியா? எனக்குத் தெரியாதே."

"குறட்டை வேற."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அதைப் பார்த்துக் கடைக்காரருக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

டயர் வந்தது. இந்தத் தடவை கடைக்காரரே முதலில் குனிந்து தேதியைப் படித்துக் காட்டினார். போன மாதம் செய்தது. கண்ணாடிக்காரர் அதை மதித்துத் தலையசைத்தார், ஆனாலும் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சக்கரங்கள் மாட்டி, காற்று அடித்து, எல்லாம் முடிந்ததும் கார்க்காரர் சாவியைக் கண்ணாடிக்காரரிடம் நீட்டி, நீங்களே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அவர் தயங்கினார். கார்க்காரர் அவர் கையைப் பிடித்துச் சாவியை வைத்தார்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை கார்க்காரரும் கடைக்காரரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைக்காரருக்கு மனசு நிறைந்திருந்தது. "கோவிச்சுக்காதீங்க சார், முதல்ல எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா தம்பி பொண்ணுக்காக இப்படித் தரையில உக்காந்து டயரைப் புரட்டுற பெரியப்பாவை நான் பாத்ததில்லை. நீங்க குடுத்து வச்சவர்."

"குடுத்து வச்சவன்தாங்க" என்றார் கார்க்காரர், தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா அவர் எனக்கு அண்ணன் இல்லை. என் மனைவிக்கு முதல் வீட்டுக்காரர். என் பொண்ணைப் பெத்த அப்பா."