இடியின் மேல்செட்

வாயைத் திறந்ததும் பல்செட்டின் மேல்செட் நழுவிக் கீழ்செட்டின் மேல் உட்கார்ந்தது.

இடி சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கத்துவதற்காக இழுத்த மூச்சு மூக்கு வழியாக வெளியேறியது.

எதிரே இரண்டாவது மகள் நின்றாள். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். கைகளை இறுகக் கட்டியிருந்தாள்.

இடி என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். அவர் ஒரு சத்தம் போட்டால் பக்கத்து அறையில் டீ தளும்பும் என்பார்கள். ஓய்வு பெற்றதும் அது மொத்தமாக வீட்டில் இறங்கியது. மூத்த மகள் இதேபோல ஒரு வேலையோடு வந்து நின்றாள். அன்று விழுந்த திட்டில் கல்யாணமாகிப் போனவள்தான், வேலை என்ற பேச்சையே அப்புறம் எடுக்கவில்லை.

பல்செட் வந்த பிறகுதான் வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. மெல்லப் பேசினால் ஒட்டிக்கொண்டிருக்கும். குரலை ஏற்றினால் கழன்றுவிடும். பல்டாக்டர் ராவிச் சரிசெய்து மாட்டினால் கச்சிதமாக உட்காரும். வீட்டுக்கு வந்தால் மறுபடி ஆட்டம்தான். ஈறு சுருங்குகிறது போல என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

சொந்தபந்தமோ, மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார் என்று மெச்சியது. மச்சினர் ஒருவர் வந்து, தியானம் ஏதும் பழகுகிறீர்களா அத்தான் என்று பயபக்தியோடு கேட்டுவிட்டுப் போனார்.

இடி இன்னொரு முறை முயன்றார். மேல்செட் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. உள்ளங்கையால் பொத்தி உள்ளே தள்ளினார்.

"சரியா, இல்லையாப்பா? எதுவா இருந்தாலும் வாயைத் தொறந்து சொல்லுங்க."

அதுதானே முடியவில்லை.

பெற்ற பெண்ணின் காலடியில் பல் விழுவதைவிட, அவளை அனுப்பித் தொலைப்பது மானத்துக்கு நல்லது. இடி தலையை ஆட்டினார்.

மகள் துணி எடுத்து வைக்க ஓடினாள்.

"கழட்டிக் குடுங்க, கழுவி வெக்கிறேன்" என்று மனைவி கிண்ணத்தை நீட்டினாள். கல்யாணமான நாளாக அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

பல்செட்டை வாங்கிய அன்று, அதைப் பராமரிக்கும் விதத்தை டாக்டர் சொல்ல ஆரம்பித்ததுமே, அதையெல்லாம் வீட்டுப் பொம்பளையிடம் சொல்லுங்கள் என்று இடி கண்ணாடி பார்க்கப் போய்விட்டார். ஆகவே டாக்டர் அவளிடம்தான் சொன்னார். சூடான தண்ணீர் மட்டும் படவே கூடாது, பட்டால் வளைந்து அளவு கெட்டுவிடும்.

அவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை பொறுமையாக நின்று, கிண்ணம் நிறைய ஊற்றினாள்.

கடைசிப் பெண் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.